மூச்சைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்: டர்பன் வட்டாரப் பகல்நேரச் சிகிச்சையகங்களுக்குத் திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், ஸ்டாங்கர் பக்கங்களில் பல் மருத்துவமனையும் எண்டோஸ்கோபி அறையும் பகல்நேர அறுவைக்கூடமும் நடத்துகிற அன்பர்களுக்கு,

வணக்கம். மயக்க மருந்துத் துறையிலும் அறுவைக்கூடச் செவிலியர் பணியிலும் இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். கேட்பது ஒன்றுதான். புரோபோஃபால் என்ற மயக்க மருந்தை ஊசியில் போடுகிற அறையில், அந்த மருந்தைக் கொடுப்பதும் நோயாளியின் மூச்சைக் கவனிப்பதும் தவிர வேறு வேலையே இல்லாத, அதற்கெனப் பயிற்சி பெற்ற ஒருவர் இருக்க வேண்டும். பல்லைப் பிடுங்குகிறவரே, குடலுக்குள் குழாயை விடுகிறவரே, நடுநடுவே சிரிஞ்சையும் அழுத்திக்கொள்வது கூடாது. "சிஸ்டர், இன்னும் ரெண்டு மில்லி போடுங்க" என்று, உபகரணம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும் செவிலியரிடம் சொல்வதும் கூடாது.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்களில் சிலர் தமிழ்நாட்டில் படித்தவர்கள். உங்களிடம் வருகிற முதியவர்கள் சிலருக்கு, ஒப்புதல் படிவத்தில் உள்ளதைத் தமிழில் சொன்னால்தான் மனதில் ஏறுகிறது. அவர்களை அழைத்து வரும் மகனும் மருமகளும் இதைப் படித்தால், கையெழுத்துப் போடுமுன் என்ன கேட்க வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

முதலில் மருந்தின் நல்லதைச் சொல்லிவிடுகிறோம். பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் இயன் கிளென் என்ற கால்நடை மருத்துவர் கண்டெடுத்த மருந்து இது. 1977-இல் மனிதர்களுக்கு முதலில் கொடுத்துப் பார்த்தபோது, அதைக் கரைக்கப் பயன்பட்ட கிரெமோஃபோர் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கியது. அதைக் கைவிட்டு, சோயா எண்ணெயில் கரைத்துப் பால்போல் அடித்த வடிவம் 1986-இல் விற்பனைக்கு வந்தது. இதற்காகக் கிளெனுக்கு 2018-இல் லாஸ்கர் விருது கிடைத்தது. ஊசி ஏறி 40 விநாடிக்குள் நோயாளி தூங்கிவிடுகிறார். ஒரே தடவை போட்டால் 5 முதல் 10 நிமிடத்தில் கண் திறக்கிறார். பழைய மயக்க மருந்தான தயோபென்டாலுக்குப் பின் வரும் நீண்ட தள்ளாட்டம் இதில் இல்லை. வாந்தியைத் தூண்டாதது மட்டுமல்ல, குறைக்கவும் செய்கிறது.

இந்த நாட்டில் இதற்குக் கூடுதலாக ஒரு பெருமை உண்டு. 1688-இல் கேப் குடியேற்றத்தில் மணம் முடித்த ஒரு டச்சுத் தம்பதியின் வழியாக, வேரியகேட் போர்ஃபிரியா என்ற பரம்பரை நோய் தென்னாப்பிரிக்காவில் ஆயிரக்கணக்கானோருக்கு இறங்கியிருக்கிறது. போர்ட் எலிசபெத்தில் இருந்த மருத்துவர் ஜெஃப்ரி டீன் 1950-களில் அந்த வம்சாவளியைத் தேடிக் கோத்தார். அந்த நோய் உள்ளவருக்குத் தயோபென்டால் போட்டால் கைகால் செயலிழந்து உயிரே போகலாம். புரோபோஃபால் அவர்களுக்கும் பாதுகாப்பானதாகவே கருதப்படுகிறது. ஆகவே மருந்தைக் குறை சொல்ல வரவில்லை. அதைக் கொடுக்கும் முறையைப் பற்றித்தான் பேசுகிறோம்.

சீக்கிரம் தெளிகிற மருந்து என்பதால் லேசான மருந்து என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஒரு தடவை போட்டதும் நோயாளி விழித்துக்கொள்வது மருந்து உடம்பில் அழிந்துவிட்டதால் அல்ல. மூளையிலிருந்து அது தசைக்கும் கொழுப்புக்கும் பரவிப்போவதால். அடுத்தடுத்துப் போட்டுக்கொண்டே போனால் அந்த இடங்களும் நிரம்பும், தெளிவது தாமதமாகும். இன்னொன்று: அரைமயக்கத்துக்கும் முழு மயக்கத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி இந்த மருந்தில் மிகக் குறுகியது. கூப்பிட்டால் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர், 2 மில்லி கூடப் போட்டதும் நாக்கு பின்னால் விழுந்து மூச்சடைத்துக் கிடப்பார். மிடாஸோலம் என்ற தூக்க மருந்து அதிகமானால் அதை முறிக்க ஃப்ளூமாஸெனில் இருக்கிறது, மார்ஃபின் வகைக்கு நலோக்ஸோன் இருக்கிறது. புரோபோஃபாலை முறிக்கும் மருந்து கிடையாது. அது இறங்கும் வரை நோயாளிக்காக நாம்தான் மூச்சு விட வேண்டும்.

ஆபத்து எப்படி வருகிறது என்பதை நிமிடக் கணக்கில் சொல்கிறோம். 70 வயது அம்மா ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். எடை 55 கிலோ, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு, காலையில் இரத்த அழுத்த மாத்திரையான எனாலாப்ரில் போட்டிருக்கிறார். இரைப்பையைப் பார்க்க வேண்டும். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வைத்து, மிடாஸோலம் 2 மில்லிகிராம், வலி மருந்தான ஃபென்டனில் 50 மைக்ரோகிராம் கொடுத்தாகிவிட்டது. அதன் மேல் புரோபோஃபால் 5 மில்லி, அதாவது 50 மில்லிகிராம். ஒரு நிமிடத்தில் அசைவு நின்றுவிடும். மருத்துவரின் கண் திரையில் இருக்கிறது, அறை விளக்கு குறைத்திருக்கிறது. மானிட்டரில் ஆக்ஸிஜன் அளவு 98 என்று எழுதியிருக்கிறது. எல்லாரும் நிம்மதியாக இருக்கிறார்கள்.

ஆனால் அந்த அம்மாவின் வயிறு மேலே வரும்போது நெஞ்சுக்கூடு உள்ளே இழுக்கிறது. மூச்சு எடுக்க முயல்கிறார், காற்று போகவில்லை. விரலில் மாட்டி இரத்த ஆக்ஸிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இதைச் சொல்லாது. ஏற்கனவே ஆக்ஸிஜன் கொடுத்து நுரையீரலை நிரப்பி வைத்திருப்பதால் இரண்டு மூன்று நிமிடம்கூட 98 அப்படியே நிற்கலாம். விரலில் மாட்டிய கிளிப், இரத்தம் அங்கே வந்து சேர்ந்த பிறகே காட்டும் என்பதால் அரை நிமிடம் பின்தங்கும். கை குளிர்ந்திருந்தால் இன்னும் தாமதம். 90-க்குக் கீழே இறங்கத் தொடங்கினால் பிறகு சரிவு செங்குத்து. 88, 79, 65 என்று போகும்போது இதயத் துடிப்பும் 50-க்குக் கீழ் வந்துவிடும். அலாரம் அடிக்கும் நேரத்தில், உண்மையான பிரச்சினைக்கு நாலு நிமிட வயதாகியிருக்கும். கறுத்த தோலில் ஆக்ஸிமீட்டர் உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் நோயாளிகள் பெரும்பாலோர் கறுத்த தோல்காரர்கள்.

இதனால்தான் கேப்னோகிராஃப் வேண்டும் என்கிறோம். மூக்குக் குழாயிலேயே ஒரு மெல்லிய கிளை, வெளிவிடும் கார்பன் டை ஆக்ஸைடை இழுத்துச் சென்று ஒவ்வொரு மூச்சையும் ஒரு மேடாக வரைகிறது. மூச்சு நின்றால் அடுத்த மேடு வராது, அவ்வளவுதான். தெரிய ஆகும் நேரம் விநாடிகள். வாய் வழியே மூச்சு விடுகிறவருக்கு எண் குறைவாகக் காட்டலாம், எண்ணைவிட மேட்டின் வடிவத்தையும் ஒழுங்கையும் பாருங்கள். கருவி வாங்கும் வரை, தொண்டைக்குழி மேல் ஒரு ஸ்டெதஸ்கோப்பை ஒட்டிக் காதில் கேட்டுக்கொண்டே இருங்கள். உள்ளங்கையை வாயருகே வைத்து வெப்பக் காற்று வருகிறதா என்று பாருங்கள். இதைச் செய்ய ஓர் ஆளின் கையும் காதும் முழுதாக வேண்டும். பல் துளைக்கும் டிரில்லைப் பிடித்திருப்பவரால் முடியாது.

தென்னாப்பிரிக்க மயக்கவியலாளர் சங்கத்தின் வழிகாட்டு நெறிகளும் இதையேதான் சொல்கின்றன. ஒற்றை மருந்தைச் சிறுகச் சிறுகக் கொடுக்கும் எளிய மயக்கத்தைச் சிகிச்சை செய்பவரே பார்த்துக்கொள்ளலாம். புரோபோஃபால், கெட்டமின், பல மருந்துக் கலவை என்று போனால் தனி ஆள் வேண்டும்.

மூச்சு நின்றால் செய்ய வேண்டியதை உங்கள் அறையில் இருக்கும் எல்லாரும் கைப்பழக்கமாக வைத்திருக்க வேண்டும். மருந்தை நிறுத்துங்கள். குழாயையோ உபகரணத்தையோ வாயிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். இரண்டு கை விரல்களையும் தாடை எலும்பின் மூலைக்குப் பின்னால் கொடுத்து, கீழ்ப்பல் மேல்பல்லுக்கு முன்னால் வரும்படி தாடையை மேல்நோக்கித் தூக்குங்கள். பாதிப் பேருக்கு மேல் இந்த ஒரு அசைவிலேயே மூச்சு திரும்பிவிடும் என்பது எங்கள் கை அறிந்தது. வராவிட்டால் வாயில் ஏர்வே (நாக்கைத் தாங்கும் வளைந்த குழாய்) வைத்து, முகமூடியை இறுகப் பிடித்து, கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையால் 6 விநாடிக்கு ஒரு மூச்சு, நெஞ்சு எழும்பும் அளவு மட்டும். பதற்றத்தில் வேகமாக அமுக்கினால் காற்று வயிற்றுக்குள் போய், உள்ளிருப்பது மேலே வந்து நுரையீரலில் இறங்கும். இரத்த அழுத்தம் விழுந்திருந்தால் காலைத் தூக்கிவையுங்கள், டிரிப்பைத் திறந்துவிடுங்கள், அழுத்தத்தை ஏற்றும் எஃபெட்ரின் 5 முதல் 10 மில்லிகிராம். உதவிக்கு 10177, கைபேசியிலிருந்து 112. இந்த எண்களைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அவசரத்தில் தெரிந்த எண்ணும் மறந்துபோகும்.

அளவு விஷயத்துக்கு வருகிறோம். முழு மயக்கத்துக்கு நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்குக் கிலோவுக்கு 1.5 முதல் 2.5 மில்லிகிராம். அரைமயக்கத்துக்கு அது தேவையே இல்லை. கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் மெதுவாக, பிறகு தேவையானால் 10 முதல் 20 மில்லிகிராம் வீதம். 60 கிலோ மனிதருக்கு முதல் ஊசி 30 மில்லிகிராம், அதாவது 1 சதவீத மருந்தில் 3 மில்லி. முதியவருக்கும் இதய நோயாளிக்கும் பாதியில் தொடங்குங்கள். அவர்களுக்கு இரத்த ஓட்டம் மெதுவாக இருப்பதால் மருந்து மூளையை எட்டவே நேரமாகும். ஒரு நிமிடத்தில் தூங்கவில்லையே என்று இன்னொரு ஊசி போடுவதுதான் நாங்கள் அறிந்த மிகச் சாதாரணமான தவறு. இரண்டு ஊசியும் ஒன்றாகப் போய்ச் சேரும். முழுதாக இரண்டு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருங்கள்.

2 சதவீத மருந்தும் சந்தையில் உண்டு. இரண்டும் ஒரே வெள்ளை, சிரிஞ்சுக்குள் போனபின் யாராலும் பிரித்தறிய முடியாது. உங்கள் அலமாரியில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

புரோபோஃபால் வலியை நீக்காது என்பதையும் மறக்க வேண்டாம். பல் பிடுங்கும்போது நோயாளி நெளிந்தால், ஈறில் மரப்பூசி (மரத்துப்போகச் செய்யும் ஊசி) சரியாக இறங்கவில்லை என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் புரோபோஃபாலைக் கூட்டினால், நெளிவதை நிறுத்துவதற்குள் மூச்சை நிறுத்திவிடும். ஊசி ஏறும்போது கையில் எரியும். முழங்கை மடிப்பின் பெரிய சிரையில் கேனுலா (மருந்து செலுத்தும் சிறு குழாய்) போட்டு, முன்னால் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் 20 முதல் 40 மில்லிகிராம் கொடுத்தால் பெரிதும் குறையும். லிக்னோகெய்னை அதே சிரிஞ்சில் கலந்து வைத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், எண்ணெய்த் துளிகள் ஒன்று கூடி மருந்து திரியும்.

யாரை உங்கள் நாற்காலியில் படுக்க வைக்கலாம், யாரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதற்கு மனைவியிடமோ கணவரிடமோ ஒரு கேள்வி கேளுங்கள்: "தூங்கும்போது குறட்டை நின்று, மூச்சு நின்ற மாதிரி இருந்து, திடுக்கென்று திரும்ப எடுக்கிறாரா?" ஆம் என்றால், கழுத்தும் பருமனாக இருந்தால், அவரை உங்கள் அறையில் செய்ய வேண்டாம். எச்.ஐ.வி.க்கு ரிட்டோனவிர் சேர்ந்த மாத்திரை எடுப்பவருக்கு மிடாஸோலம் மிக நீண்ட நேரம் நிற்கும், அதன்மேல் புரோபோஃபால் சேர்ந்தால் இரட்டிப்பு ஆபத்து. மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

வெறும் வயிறு என்றால் திட உணவுக்கு 6 மணி நேரம், தெளிந்த நீருக்கு 2 மணி நேரம். நம் வீடுகளில் இது எங்கே தவறுகிறது என்றால் டீயில். "ஒன்றும் சாப்பிடவில்லை டாக்டர், ஒரு வாய் டீ மட்டும்தான்" என்பார்கள். பால் சேர்த்த டீ தெளிந்த நீர் அல்ல, உணவுக் கணக்குதான். "டீ குடித்தீர்களா, பால் ஊற்றியா?" என்று அந்த வார்த்தையிலேயே கேளுங்கள். சர்க்கரைக்கும் எடைக்கும் வாரம் ஒருமுறை செமாகுளுடைட் ஊசி போடுகிறவர்களின் இரைப்பை மெதுவாகக் காலியாகும். எட்டு மணி நேரம் பட்டினி கிடந்தவர் வயிற்றிலும் நேற்றைய சோறு இருக்கலாம். அந்த ஊசியைப் பற்றி முன்பதிவு செய்யும் தொலைபேசியிலேயே விசாரியுங்கள். முந்தின நாள் முழுதும் நீராகாரம் மட்டும் எடுக்கச் சொல்லலாம், சந்தேகம் இருந்தால் தள்ளிப்போடலாம்.

காவடிக்கோ புரட்டாசிக்கோ விரதம் இருக்கிறவர்கள், மருந்தில் முட்டை இருக்கிறதா என்று கேட்பார்கள். இருக்கிறது. 10 சதவீத சோயா எண்ணெயுடன், முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுத்த லெசித்தின் 1.2 சதவீதம். அதை மறைக்காமல் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் மிடாஸோலம் போன்ற வேறு வழி உண்டு, அவசரமில்லாததைத் தள்ளிப்போடவும் செய்யலாம். முட்டை ஒவ்வாமை பெரும்பாலும் வெள்ளைக் கருவின் புரதத்துக்கு என்பதால், அந்த ஒவ்வாமை மட்டும் இதற்குத் தடையாவதில்லை. முன்பு அதிர்ச்சி நிலை வரை போனவரை மட்டும் மயக்க மருத்துவரிடம் அனுப்புங்கள். கையில் மருதாணி கருத்திருந்தால் கிளிப்பைக் காது மடலில் மாட்டுங்கள்.

இப்போது அந்த வெள்ளைப் பாலைப் பற்றி. அது கிருமிக்குத் தீனி. அமெரிக்காவில் 1990 முதல் 1993 வரை 7 மருத்துவமனைகளில் அறுவைக்குப் பின் நோய்த்தொற்று வந்தபோது, ஆராய்ந்தவர்கள் வந்து நின்ற இடம் மயக்க மருந்து எடுக்கும் மேசை. மருந்து ஆலையில் கெடவில்லை, கையாண்ட விதத்தில் கெட்டது. லாஸ் வேகஸில் எண்டோஸ்கோபி நோயாளிகளிடையே ஹெபடைடிஸ் சி பரவியிருந்தது 2008-இல் தெரியவந்தது, அதுவும் இதே மருந்தின் வழியே. ஒரே நோயாளிக்கு இரண்டாம் தடவை எடுக்க, ஊசியை மாற்றிவிட்டு சிரிஞ்சை மாற்றாமல் குப்பியில் விட்டார்கள். சிரிஞ்சுக்குள் பின்வாங்கியிருந்த துளி இரத்தம் குப்பிக்குப் போனது. மிச்ச மருந்து அடுத்தவருக்குப் போனது. 40,000-க்கும் மேற்பட்டோரை இரத்தப் பரிசோதனைக்கு அழைக்க வேண்டியிருந்தது.

எச்.ஐ.வி. இவ்வளவு பரவியிருக்கும் குவாசூலு-நாட்டாலில் இதற்கு மேல் நாங்கள் வற்புறுத்த வேண்டியதில்லை. 50 மில்லி குப்பியை நாலு பேருக்குப் பங்கு போடாதீர்கள். ஆளுக்கு ஒரு 20 மில்லி ஆம்ப்யூல், புது சிரிஞ்ச், புது ஊசி. உடைக்குமுன் கழுத்தை 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள். காலையிலேயே பத்து சிரிஞ்சு நிரப்பி வரிசையாக வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். சிரிஞ்சில் எடுத்த மருந்து 6 மணி நேரம் தாண்டினால் குப்பைக்கு. மிச்சம் போகிறதே என்று மனம் வரவில்லையென்றால் சிறிய ஆம்ப்யூல் வாங்குங்கள். வைக்கும் இடம் 25 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. ஜனவரி மாத டர்பனில் குளிரூட்டி அணைந்த அறை எளிதாக அதைத் தாண்டும். உறையவும் விடக் கூடாது. எண்ணெய் பிரிந்து கோடு தெரிந்தால் எறிந்துவிடுங்கள்.

மின்வெட்டுக்கு இந்த நாட்டில் யாரும் புதிதல்ல. உங்கள் மானிட்டரில் பேட்டரி இருக்கும், வாயில் தேங்குவதை உறிஞ்சும் சக்‌ஷன் கருவியில் பெரும்பாலும் இருக்காது. நோயாளி வாந்தி எடுக்கும் நேரத்தில் சக்‌ஷன் நின்றால் கையில் ஒன்றும் இருக்காது. காலால் மிதிக்கும் சக்‌ஷன் ஒன்று வாங்கி நாற்காலியின் அடியில் வையுங்கள். ஆக்ஸிஜன் செறிவூட்டும் கருவியை மட்டும் நம்பாதீர்கள், சிலிண்டர் வேண்டும். 680 லிட்டர் உள்ள சிலிண்டர் நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வரும். பாதி காலியானதை வைத்து நாளைத் தொடங்க வேண்டாம். ஜோகன்னஸ்பர்க்கில் கிளை வைத்திருப்பவர்கள், அந்த ஊர் கடல் மட்டத்துக்கு 1,700 மீட்டர் மேலே இருப்பதை நினைவில் வையுங்கள். அங்கே நோயாளியின் கையிருப்பு ஆக்ஸிஜன் டர்பனைவிடக் குறைவு, சரிவும் முன்னதாகவே தொடங்கும்.

வீட்டுக்கு அனுப்புமுன் கேனுலாவில் உப்பு நீரைச் செலுத்திக் கழுவுங்கள். அதில் தங்கிய மருந்து, பிறகு வேறு ஊசி போடும்போது உள்ளே போய் மூச்சை நிறுத்த வல்லது. கண் திறந்ததும் தெளிந்துவிட்டார் என்று எண்ணி மினிபஸ் டாக்ஸியில் தனியாக ஏற்றிவிட வேண்டாம். கூட ஒரு பெரியவர் வர வேண்டும். 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது, மது கூடாது. இதை எழுதி, கூட வந்தவர் கையில் கொடுங்கள். நோயாளியிடம் சொன்னது அவருக்கு நினைவிருக்காது, மருந்தின் வேலையே அதுதான்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள்கணக்கில் ஓடும் புரோபோஃபாலைப் பற்றியும் குடும்பங்கள் எங்களிடம் கேட்கின்றன. மணிக்குக் கிலோவுக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் 48 மணி நேரத்தைத் தாண்டினால், அரிதாக, தசை சிதைந்து இரத்தம் அமிலமாகி இதயம் தளரும் ஒரு நிலை வரக்கூடும். அங்கிருப்பவர்கள் அதைத் தேடி இரத்தம் பரிசோதிப்பார்கள். அது உங்கள் அறையின் கவலை அல்ல.

உங்கள் அறையின் கவலை இன்னொன்று. பல இடங்களில் இந்த மருந்தை மார்ஃபின்போல் எண்ணிப் பூட்டி வைப்பதில்லை. மைக்கேல் ஜாக்சன் 2009-இல் இறந்தது இந்த மருந்தால்தான். தூக்கம் வருவதற்காக, சரியான மானிட்டர் இல்லாத வீட்டுப் படுக்கையறையில் கொடுத்தார்கள். கொடுத்த மருத்துவர் 2011-இல் தண்டிக்கப்பட்டார். தூக்கம் கெட்டுத் தவிக்கும் மருத்துவப் பணியாளருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இதே மருந்து இருக்கிறது. ஒரு பதிவேடு, ஒரு பூட்டு, மாலையில் ஆம்ப்யூல் எண்ணிக்கை. இவ்வளவும் பத்து நிமிட வேலை.

தனி ஆளுக்கும் கேப்னோகிராஃபுக்கும் செலவு ஆகும், அறியாமல் பேசவில்லை. இரண்டும் கையில் வரும் வரை புரோபோஃபாலை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டு, மிடாஸோலம் மட்டும் சிறுகச் சிறுகக் கொடுத்து, மரப்பூசியை நன்றாக இறக்கி வேலை பாருங்கள். அதுவும் போதாத நோயாளியை மயக்க மருத்துவர் உள்ள இடத்துக்கு அனுப்புங்கள்.

நாளை காலை முதல் நோயாளி வருமுன் ஒன்று செய்யுங்கள். அலமாரியிலிருந்து ஆம்பு பையை எடுத்து, முகமூடியைக் கழற்றி, வாய்ப்பகுதியை உள்ளங்கையால் அடைத்து அமுக்குங்கள். அமுங்காமல் எதிர்த்து நின்றால் சரி. புஸ்ஸென்று காற்று எங்கேயாவது கசிந்தால் வால்வு போய்விட்டது, அந்தப் பையால் யாருக்கும் மூச்சுக் கொடுக்க முடியாது. புதியது வரும் வரை அந்த நாளின் ஊசிகளைத் தள்ளிவையுங்கள்.

அன்புடன்,
மயக்க மருத்துவர்களும் அறுவைக்கூடச் செவிலியரும் சிலர்
டர்பன்